வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத்திறனாளிகளின் தேவையை அறிதலும் வேலையைத் திட்டமிடுதலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "இந்தக் குறைபாட்டுக்கு எந்த வேலை பொருந்தும்?" என்றே கேட்டிருந்தன. தொழில்சார் மறுவாழ்வு ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், குறைபாட்டுக்கு வேலை தேடும் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு மனிதருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் இடையில் என்ன இடைவெளி இருக்கிறது, அதை எதைக் கொண்டு நிரப்பலாம் என்று பார்ப்பதே தேவையை அறிதல் ஆகும். ஆறு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சிறப்புப் பள்ளியிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறான். மெழுகுவத்தி செய்யவும் காகிதப் பை ஒட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அவனுக்கு அதில் மனம் செல்லவில்லை. எந்த வேலைக்குத் தகுதியானவன் என்று சோதித்துச் சொல்ல அவனை எங்கே அழைத்துப் போவது?
— ஒரு தாய், தென்காசி மாவட்டம்

அம்மா, முதலில் அந்த 75 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வீட்டில் எவ்வளவு அச்சத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது கடிதத்தின் மற்ற பகுதிகளிலிருந்து தெரிகிறது. அறிவுசார் குறைபாட்டுக்கான சதவீதத்தை ஒவ்வொருவருக்கும் நுணுக்கமாக அளந்து எழுதுவதில்லை. தானே உண்பது, உடுத்துவது, வெளியே போய்வருவது, பிறரோடு பழகுவது ஆகியவற்றைக் கேட்டறியும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணைக் கொண்டு, லேசானது என்றால் 50, மிதமானது என்றால் 75, கடுமையானது என்றால் 90, மிகக் கடுமையானது என்றால் 100 என்று படிப்படியாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே 75 என்று சான்றிதழ் பெற்ற இரண்டு இளைஞர்களில் ஒருவர் தனியாகப் பேருந்தில் போய்வருபவராகவும், மற்றவர் தெருமுனையைத் தாண்டாதவராகவும் இருக்கலாம். உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அந்த எண் தேவைப்படுகிறது. எந்த வேலை என்று முடிவு செய்ய அது உதவாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், மருத்துவப் படிப்பில் சேர விரும்பிய பேச்சுக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், சதவீத அளவை மட்டும் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்றும், அந்தப் படிப்பை அவரால் மேற்கொள்ள முடியுமா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

எங்கே அழைத்துப் போவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் இரண்டு வாரம் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மகன் எப்போது எழுகிறார், யாரும் சொல்லாமலே எந்த வேலையைத் தொடங்குகிறார், ஒரே வேலையில் எத்தனை நிமிடம் நிற்கிறார், வாயால் சொன்னால் புரிகிறதா அல்லது செய்து காட்ட வேண்டியிருக்கிறதா, இரைச்சலில் தடுமாறுகிறாரா, பழக்கம் திடீரென மாறினால் என்ன செய்கிறார், பத்து ரூபாய்த் தாளையும் நூறு ரூபாய்த் தாளையும் பிரித்தறிகிறாரா, வலிப்பு மாத்திரை ஏதும் உண்டா என்று நாள்தோறும் எழுதுங்கள். பாத்திரங்களை அளவுவாரியாக அடுக்குவது அவருடைய வழக்கம் என்றால், அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுவும் குறிப்பேட்டில் ஏற வேண்டிய செய்திதான். எந்த உளவியலாளரும் ஒரு மணி நேரத்தில் கண்டறிய முடியாதவற்றை நீங்கள் 22 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறீர்கள்.

அடுத்தது, உண்மையான வேலையிடத்தில் பார்ப்பது. இதில் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை மேசை முன்னால் உட்காரவைத்து மணி கோக்கச் சொன்னோம். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "கவனம் நிலைக்கவில்லை, தொழிற்பயிற்சிக்கு ஏற்றவரல்லர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்து அவருடைய தாய்மாமன் தம் மளிகைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே காலை எட்டு மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரை, மூட்டை பிரித்துக் கட்டிய அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தே செய்யும் வேலை அவருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். அதன்பின் இரண்டு வாரமாவது உண்மையான கடையிலோ பட்டறையிலோ சமையற்கூடத்திலோ பார்க்காமல் நான் யாரைப் பற்றியும் முடிவு எழுதியதில்லை.

மெழுகுவத்தியையும் காகிதப் பையையும் குறை கூறவில்லை. ஆனால் பல பயிற்சி நிலையங்களில் அவை கற்றுத்தரப்படுவதற்குக் காரணம், கற்றுத்தர எளிது என்பதுதான். ஊரில் அதற்குச் சந்தை இருக்கிறதா என்று பார்த்துத் தொடங்குவது அரிது. பல ஆண்டுகள் பயிற்சி தந்துவிட்டு வேலை தேடுவதைவிட, முதலில் வேலையில் அமர்த்தி, அந்த இடத்திலேயே பணிப் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து கற்றுக்கொடுத்து, பழகப் பழக மெல்ல விலகிக்கொள்ளும் முறை அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. அதற்கு முதலாளியிடம் "இவருக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று கேட்டால் இரக்கம் மட்டுமே கிடைக்கும். ஒரு பல்பொருள் அங்காடியில் காலாவதித் தேதி பார்ப்பது, காலிப் பெட்டிகளை மடித்துக் கட்டுவது, குளிர்பானப் பெட்டியை நிரப்புவது என்று விற்பனையாளர்கள் விருப்பமில்லாமல் செய்யும் சில்லறை வேலைகள் எப்போதும் இருக்கும். அவற்றைத் திரட்டி ஒருவருக்குரிய முழு வேலையாக அமைத்து, அதற்கு என்ன கூலி என்று பேசுங்கள். கூலி இல்லாத "பழக்கம்" ஒரு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது.

உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே பேசிப் பாருங்கள். சென்னைக்கு வர முடிந்தால், கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் மதிப்பீடு செய்கின்றன. எங்கே போனாலும் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது வெறும் "தகுதி உண்டு, இல்லை" என்ற தாளோடு வராமல், எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் உடனிருப்பது, போக்குவரத்து எப்படி, மூன்று மாதம் கழித்து யார் திரும்பப் பார்ப்பது என்பவை எழுதப்பட்ட திட்டத்தோடு வாருங்கள். கடிதம் முழுவதிலும் அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஓரிடத்திலும் இல்லை. அதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் அறுபது பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். காது கேளாத மூன்று பேரைச் சேர்க்க விரும்புகிறேன். எந்தப் பிரிவில் போடுவது? பாதுகாப்புக்கு என்ன செய்வது? சட்டப்படி ஏதும் கடமை உண்டா?
— ஒரு தொழில் முனைவோர்

காது கேளாதவர்களைப் பிசிர் வெட்டுவதற்கும் செக்கிங்குக்கும் மட்டும் போடுவது உங்கள் ஊர் வழக்கம். அதை ஏற்பதற்கு முன் ஒவ்வொரு வேலையையும் அதன் செயல்களாகப் பிரித்துப் பாருங்கள். மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என அடையாளம் காணப்பட்ட 3,566 பணியிடங்களின் பட்டியலில், ஒவ்வொரு பணிக்கும் எதிரே உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், தள்ளுதலும் இழுத்தலும், விரல்களைக் கையாளுதல், படித்தலும் எழுதுதலும், பார்த்தல், கேட்டல், பிறரோடு தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றில் எவை தேவை என்று குறியிட்டிருக்கிறார்கள். அது அரசுப் பணிகளுக்கான பட்டியல்தான். ஆனாலும் அந்த முறையை உங்கள் தையல் லைனுக்கும் பயன்படுத்தலாம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு தையல் மெஷின் வேலைக்கும் குறியிட்டால், "கேட்டல்" என்ற கட்டம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காலியாகவே இருக்கும். சூப்பர்வைசர் சத்தம் போட்டுச் சொல்வதால்தான் காது தேவை என்று தோன்றுகிறது. மாதிரி உருப்படி ஒன்றையும் அளவு எழுதிய அட்டையையும் ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் தொங்கவிட்டால், கேட்கும் திறனுள்ளவர்களும் குறைவாகத் தவறு செய்வார்கள்.

நேர்காணலுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை அழையுங்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி போன்றது. எழுதிக் காட்டியதற்கு விடை வராவிட்டால் அறிவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று பேரையும் ஒரே லைனில் அருகருகே வைப்பது தொடக்கத்தில் அவர்களுக்குத் துணையாக இருக்கும். லைனில் மற்றவர்களும் இருபது சைகைகளையாவது கற்றுக்கொள்ளட்டும். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கையும், கழிவறை உட்பட எல்லா இடங்களிலும் பொருத்துங்கள். ஆபத்தில் தோள் தொட்டு அழைத்துச் செல்ல ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். மீதமிருக்கும் கேட்புத்திறனையும் இயந்திர இரைச்சல் கெடுக்கும் என்பதால், "இவர்களுக்குத்தான் காது கேட்காதே" என்று காதடைப்பான் தராமல் விடக் கூடாது. பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, எல்லோருக்கும் ஒன்றுதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். இருபதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள தனியார் நிறுவனமாகையால், உகந்த பணிகளின் பட்டியல், தேர்வு முறை, தரப்படும் வசதிகள், தொடர்பு அலுவலர் யார் என்பவையும் அதில் இருக்க வேண்டும். மேற்சொன்ன குறியிடும் வேலையைச் செய்துவிட்டால் பாதிக் கொள்கை எழுதி முடிந்த மாதிரி.

என் கணவர் அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் ஓட்டுநர். விபத்தில் ஒரு காலை இழந்தார். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, சேலம்

கொடுக்க வேண்டாம். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கம் செய்யவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே ஊதிய விகிதத்திலும் பணிப் பயன்களிலும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் உடனே இல்லையென்றால், உகந்த பணியிடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். மாற்றுப்பணி கேட்டு எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகை பெறுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் செல்லலாம். விண்ணப்பத்தில் "ஏதேனும் ஒரு வேலை" என்று எழுதாதீர்கள். நேரக் காப்பாளர், பண்டகக் காப்பு, பயணச்சீட்டுக் கணக்கு என்று அவரால் செய்யக்கூடியதையும், செயற்கைக் காலோடு எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எனக்கு வயது 24. பட்டதாரி. பார்வை படிப்படியாகக் குறைந்து இப்போது முழுவதும் இல்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். கணினியே தொடாதவன் என்ன செய்வது? பட்டியலில் இல்லாத வேலைக்குப் போகவே முடியாதா?
— ஒரு வாசகர், மதுரை

பார்வை அண்மையில் போனவருக்கு முதல் தேவை வேலை அன்று. வெண்கோலுடன் தனியாக நடமாடும் பயிற்சியும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளுடன் கணினிப் பயிற்சியும் முதலில் வேண்டும். இவற்றுக்கு ஆறு மாதமாவது ஒதுக்காமல் தேர்வுப் பயிற்சியில் சேர்ந்தால், இரண்டும் அரைகுறையாகப் போகும். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். அதைத் தொடங்கிய இருவருமே பார்வையற்றவர்கள். தமிழையும் அது வாசிக்கும். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்ததை மட்டுமே அது சரியாக வாசிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருக்கும் கோப்புகள் பொருளற்ற ஒலிகளாகவே வரும். நாளை ஓர் அலுவலகத்தில் சேரும்போது, "எனக்குக் கோப்புகள் ஒருங்குறியில் வேண்டும்" என்று கேட்பது உங்கள் தேவைப் பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும். அதற்குச் செலவும் இல்லை.

அரசுப் பணிகளில் 4 சதவீத இட ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. தேர்வில் பதிலி எழுத்தரும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். உங்களுக்காக எழுதுபவரோடு குறைந்தது பத்து மாதிரித் தேர்வுகளாவது எழுதிப் பழகுங்கள். கணக்குக் கேள்விகளை வாய்மொழியாகச் சொல்லிச் செய்விப்பது தனித் திறமை.

மேலே திருப்பூர்க் கடிதத்துக்கான விடையில் சொன்ன அந்தப் பணிப் பட்டியலைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதை ஒரு வேலியாகப் பயன்படுத்தும் அலுவலகங்கள் உண்டு. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பார்வையற்றவர்கள் நீதிபதியாக முடியாது என்றிருந்த மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், முழுப் பார்வையின்மையோடு 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இந்தப் பெயரை எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். எனக்கோ, மாதம்தோறும் சம்பளம் வாங்கி வீட்டு வாடகை கட்டும் வங்கி எழுத்தர் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்து, அவருடைய மேசையில் அரை நாள் உட்கார வைப்பதே அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

மனச்சிதைவு நோய்க்கு ஐந்து ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறேன். முன்பு கணக்குப் பிரிவில் இருந்தேன். முழுவதும் குணமான பின்தான் வேலை என்கிறார்கள் வீட்டில். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்ல வேண்டுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, 29 வயது, சென்னை

முழுவதும் குணமாகட்டும் என்று காத்திருந்தே வேலை செய்யும் வயதைக் கடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்நோய் போன்ற கடுமையான மனநோய்கள் உடையவர்களுக்காக அமெரிக்காவில் உருவாகி இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் தனிநபர் பணியமர்த்தல் முறையில், சேர்வதற்கு ஒரே தகுதி, வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பம். நோய்க்குறி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத் தகுதியாக அங்கே கேட்பதில்லை. வேலை ஆலோசகரும் மருத்துவக் குழுவும் சேர்ந்து பணியாற்றுவார்கள். வேலை கிடைத்த பின்னும் துணை தொடரும். சென்னையில் 1984 முதல் இயங்கும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப் போன்ற இடங்களில் இது பற்றிப் பேசலாம்.

உங்கள் தேவைகளை நான் இப்படித் தொகுப்பேன். காலையில் மருந்து மயக்கம் எத்தனை மணி வரை இருக்கிறது? பத்து மணிக்குமேல் என்றால், எட்டு மணி வேலையைத் தேடாதீர்கள். மருந்து வேளையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர்ந்து எவ்வளவு நேரம் கணக்குப் பார்க்க முடிகிறது? வீட்டிலேயே பழைய பேரேடு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்றால், அரை நாள் வேலையில் தொடங்கலாம். நோய் திரும்புவதற்கு முன் உங்களுக்கு வரும் அறிகுறிகள் எவை? தூக்கம் குறைவதா, பிறர் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று தோன்றுவதா? அவற்றை எழுதி, அப்போது யாரை அழைப்பது, எத்தனை நாள் விடுப்பு, வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் நலமாக இருக்கும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சான்றிதழே சொல்லிவிடும். பொதுவாகச் சேர்ந்தால், நோயின் பெயரைச் சொல்லாமல் "மருத்துவ சிகிச்சையில் இருக்கிறேன், மாதம் ஒருநாள் மருத்துவமனை, காலை பத்து மணித் தொடக்கம் வேண்டும்" என்று தேவையை மட்டும் சொல்லலாம். ஆனால் வசதி எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, நெருக்கடியில் சொல்ல நேர்வதே மிகவும் கடினமான நிலை என்பதால், நம்பத்தக்க மேலாளர் ஒருவரிடமாவது முதல் மூன்று மாதத்துக்குள் பேசிவிடும்படி பெரும்பாலோருக்குச் சொல்லி வருகிறேன்.

தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். பெட்டிக்கடை வைக்கச் சொல்கிறார்கள். கடன் கிடைக்குமா?
— ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். உங்கள் பங்கு திட்டச் செலவில் 5 சதவீதம். மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் உங்கள் தெருவில் ஏற்கெனவே எத்தனை பெட்டிக்கடைகள் இருக்கின்றன? நடக்க முடியாதவருக்குப் பெட்டிக்கடை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. கொள்முதலுக்குச் சந்தைக்குப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அதில் இருப்பதை யாரும் எண்ணுவதில்லை. விபத்துக்கு முன் என்ன தொழில் செய்தீர்கள் என்று எழுதவில்லை. பல நேரங்களில் விடை அங்கேதான் இருக்கும். கொத்தனாராக இருந்தவர் அளவெடுத்து மதிப்பீடு போடலாம். மின்பணியாளராக இருந்தவர் மோட்டார் காயில் கட்டலாம்.

கடையே என்றாலும் சிலவற்றை முதலில் உறுதி செய்யுங்கள். அழுத்தப் புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒருமுறையாவது உடலைத் தூக்கி இருப்பை மாற்ற வேண்டும். அதை வாடிக்கையாளர் இருக்கும்போதும் செய்யக் கூச்சப்படக் கூடாது. நாற்காலி நுழையும் கழிவறை கடைக்கு அருகில் இருக்க வேண்டும். அடிக்கடி எடுக்கும் சரக்கு, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். சரிவுப்பாதைக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கணக்கு. வாசற்படி ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத கடைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.